ஒரு சாண் தூரத்துப் பந்து

கோல்ப் பழகத் தொடங்குகிறவர் ஒரே கிளப்பில் சேர்ந்துகொண்டால் சீக்கிரம் தேறுவாரா, கண்ட கண்ட மைதானத்தில் அலைந்தால் சீக்கிரம் தேறுவாரா என்ற கேள்வி ஒரு காலத்தில் இலங்கையில், கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் பலத்த வாக்குவாதமாக இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் ஆண்டு. தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்திலா இப்படியொரு கேள்விக்கு மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்று கேட்டால், ஆமாம், உடைத்துக்கொண்டார்கள். தேயிலை விலை விழுந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வராமலா போகும்?

கேள்வியைக் கிளப்பியவர்கள் இரண்டு பேர். ஒருவர் சாஹுல் ஹமீது முதலாளி. பாலத்தடியில் மரக்கடையும் தேயிலைப் பெட்டி அடிக்கும் பட்டறையும் வைத்திருந்தவர். மற்றவர் நடராஜா. தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இயந்திர எண்ணெயும் தோல் வாரும் விற்கிற ஒரு கம்பனியின் பிரயாண ஏஜன்டு. கண்டி டவுனில் குடியிருந்தார். முதலாளியை விடப் பத்து வயது இளையவர்; அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவார். சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையின் பங்களா ஏலத்துக்கு இருவரும் போயிருந்தார்கள். முதலாளி அலுமாரி பார்க்கப் போனார், நடராஜா சும்மா போனார். கடைசியில் கேட்பாரில்லாமல் கிடந்த கோல்ப் மட்டைப் பையை இருவரும் சேர்ந்து எடுத்து, மட்டைகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆரம்பித்தது அப்படித்தான்.

நடராஜா தன் பங்கைச் சாக்கில் கட்டி மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டார். எந்தத் தோட்டத்துக்கு எண்ணெய் விற்கப் போனாலும், அங்கே துரைமார் வெட்டி வைத்த இரண்டு குழியோ மூன்று குழியோ இருந்தால், யாரிடமாவது கேட்டு ஒரு மணி நேரம் அடித்துவிட்டு வருவார். முதலாளி அப்படியெல்லாம் அலைகிற ஆள் இல்லை. மகாவலிக் கரையில் அவருடைய வாப்பா விட்டுப்போன புல்காணி ஒன்று சும்மா கிடந்தது. துரைமாரின் மலைக் கிளப்பில் நம்மவர்களைச் சேர்க்க மாட்டார்கள் என்பதால், கலப்பினப் பறங்கி எஞ்சினியர்கள், பள்ளிக்கூட வாத்திமார், கடைக்காரர்கள் சிலர் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். முதலாளி காணியைக் கொடுத்தார். ஆறு குழி வெட்டினார்கள். ஆற்றோரக் கிளப் என்று பெயர் வைத்தார்கள்.

"எனக்கு ஒரு டாக்டர், ஒரு தையல்காரன், ஒரு கிளப்பு. அது போதும் நடராஜா" என்றார் முதலாளி. "ஒரே எடத்துல நிண்டு படிச்சாத்தான் கைக்குப் பழகும். பக்கத்துல நாலு பேர் பாத்துத் திருத்துவாங்க. ஒன்ன ஆரு திருத்த ஈக்கிற?"

"என்னைய யாரும் திருத்த வேணாம் நானா. திட்டுனாப் போதும்" என்றார் நடராஜா. "போற எடத்துல எல்லாம் நல்லாத் திட்டுறாங்க."

முதலாளிக்கு இந்த விளையாட்டில் ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. அவருடைய மனைவி ஸக்கியாவுக்கு மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வெயிலில் நின்றுவிட்டு வருகிறாரே என்று ஒருநாள் மத்தியானச் சோற்றின்போது அவள் முகத்தைச் சுளித்தாள். அப்போது சொன்னார்.

"இங்க பாருங்க ஸக்கியா. கடை வாப்பாட. ஊடு வாப்பாட. பள்ளிவாசல் டிரஸ்டி வேல கூட வாப்பா மௌத்தாப் போனதால என்ட தலைல வந்தது. நானா சம்பாரிச்சது, நானாப் படிச்சது எண்டு எனக்கிட்ட என்ன ஈக்குது? இது ஒண்டுதான். இதுல நான் நல்லா வந்தா, அது என்ட."

அதிலிருந்து அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் தொப்பியைத் தானே எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாள்.

முதலாளி தேறினார். சும்மா சொல்லக்கூடாது, மரம் தூக்கிப் பழகிய தோள். பந்தை நன்றாகத்தான் அடித்தார். மாதத்துக்கு மாதம் அவருடைய அடிகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. முதல் வருஷம் முடியும்போது கிளப்பில் முன்வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவர். நடராஜாவோ ஆரம்பித்த இடத்திலேயே நின்றார். ஒரு தோட்டத்தில் புல் முழங்கால் அளவு, இன்னொன்றில் மொட்டைப் பாறை, மற்றொன்றில் குழிக்குப் பக்கத்தில் மாடு படுத்திருக்கும். கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்றே எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கிளப்பின் செக்ரட்டரி இராமநாதன், கோட்டுக் கச்சேரியில் கிளாக்கர், யாழ்ப்பாணத்து மனிதர், புதிதாகச் சேர வருகிறவர்களிடம் முதலாளியைக் காட்டி, "ஒரு கிளப்பில நிண்டு பழகினா இப்பிடித்தான் வருவியள்" என்று சொல்லுவார்.

இதில் ஒரு சங்கதி இருந்தது. அதை யாரும் சங்கதி என்று நினைக்கவில்லை.

இரண்டு பேர் எதிர் எதிராக ஆடும்போது, ஒருவருடைய பந்து குழிக்கு மிகவும் கிட்ட வந்து நின்றுவிட்டால், மற்றவர் "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லலாம். அந்தக் கடைசித் தட்டை அடிக்காமலே அடித்ததாக வைத்துக்கொண்டு பந்தைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். துரைமாரும் செய்கிறதுதான். அவர்கள் விரற்கடை தூரத்துக்குச் செய்கிறார்கள். ஆற்றோரக் கிளப்பிலும் முதலில் விரற்கடைதான் இருந்தது. ஆனால் காணி கொடுத்தவர், தொந்தியும் தொப்பியுமாக நிற்கிற மனிதர், நாலு பேர் முன்னால் குனிந்து ஒரு சின்னப் பந்தைத் தட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அங்கத்தவர்களுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. விரற்கடை ஒரு சாண் ஆயிற்று.

பிறகு சஹன் சாப்பாடு தொடங்கியது. மாதத்தில் ஒரு ஞாயிறு, ஆட்டம் முடிந்து அஸர் தொழுகையும் முடிந்த பிறகு, முதலாளி வீட்டிலிருந்து பெரிய பெரிய தட்டங்களில் நெய்ச்சோறும் இறைச்சியும் வரும். ஒரு தட்டத்தைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடுவார்கள். முதலாளி தன் பக்கத்தில் இருக்கிறவருடைய பக்கமாக நல்ல துண்டைத் தள்ளிவிடுவார். போன ஞாயிறு ஒரே தட்டத்தில் தனக்கு இறைச்சி தள்ளிவிட்ட மனிதரை, இந்த ஞாயிறு "எங்கே, தட்டுங்கள் பார்ப்போம்" என்று யார் சொல்லுவார்? ஒரு சாண் ஒரு குடை நீளம் ஆயிற்று. பெருநாளுக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் நீண்டது. பந்து குழியிருக்கிற புல்தரையில் ஏறினால் போதும், நாலு பக்கமும் "எடுங்கோ முதலாளி", "எடுத்துக்குங்க முதலாளி" என்று குரல் எழும். முதலாளி பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடப்பார்.

அவர் ஏமாற்றவில்லை, அவர்களும் ஏமாற்றவில்லை. மரியாதை என்கிற ஒன்று நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

நடராஜா ஒரு ஞாயிறு விருந்தாளியாக ஆட வந்தார். இரண்டாவது குழியில் முதலாளியின் பந்து ஒரு சாண் தள்ளி நின்றது. வழக்கம்போல முதலாளி குனிந்து பந்தில் கை வைத்தார்.

"அடிங்க நானா" என்றார் நடராஜா.

இராமநாதன் தொண்டையைச் செருமினார். யாரோ ஆற்றைப் பார்த்தார்கள். முதலாளி நிமிர்ந்து, "என்னத்த அடிக்க? இது போன கணக்குத்தானே" என்றார்.

"போறதுன்னா போகட்டுமே. ஒரு தட்டு தட்டிருங்க."

முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. "எங்கட கிளப்புல இப்பிடித்தான்" என்று பந்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார். அன்று சஹன் ஞாயிறு. எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்தவர் நடராஜாவை அழைக்கவில்லை. நடராஜா சாக்கைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் இருவருக்கும் பேச்சு இல்லை.

முப்பத்திரண்டாம் ஆண்டில் ஒரு புதுமை நடந்தது. துரைமாரின் மலைக் கிளப் தன் வருஷாந்தப் போட்டிக்கு ஆற்றோரக் கிளப்பிலிருந்து ஒரே ஓர் ஆட்டக்காரரை அழைத்தது. யாரை அனுப்புவது என்று பேசவே இல்லை. ஸக்கியா புதுச் சட்டை தைக்கக் கொடுத்தாள். முதலாளி அந்த வாரம் முழுவதும் பட்டறையில் ஆணி அடிக்கிற சத்தத்தைக் கூடக் கேட்காதவராக இருந்தார். "துரைமாருக்கு என்ட வாப்பாவத் தெரியா ஸக்கியா" என்றார். "அங்க நான் நல்லா அடிச்சா, நான்தான் அடிச்சது." அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவள் பார்த்ததில்லை.

இராமநாதன் துணைக்குப் போனார். முதலாளியுடன் ஜோடியாக நடந்து அடிகளை எண்ண ஒரு வயதான துரையை விட்டிருந்தார்கள். முதல் குழி. முதலாளியின் முதலடி நேராகப் போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது அடியில் பந்து புல்தரையில் ஏறி, குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. சுற்றி நின்ற துரைமார் இரண்டு மூன்று பேர் மெல்லக் கை தட்டினார்கள்.

முதலாளி நடந்து போய், குனிந்து, பந்தை எடுத்துக்கொண்டார்.

கிழத்துரை தோட்டத்தில் முப்பது வருஷம் இருந்தவர். தோட்டத்துத் தமிழிலேயே, மிகவும் பதமாகச் சொன்னார். "முதலாளி, இங்கே அப்படி இல்லை. எல்லா அடியும் எண்ணுவது. பந்து உள்ளே போக வேணும். திரும்பி அதே இடத்தில் வையுங்க. அபராத அடி சேர்த்துக்கொள்வோம்."

முதலாளி பந்தைத் திரும்ப வைத்தார். சின்ன மட்டையை எடுத்தார். ஒரு சாண்தான். தட்டினார். பந்து குழியின் ஓரத்தை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கத்திலிருந்து தட்டினார், இந்தப் பக்கம் வந்தது. பந்தை எவ்வளவு மெல்லத் தட்ட வேண்டும் என்று அந்தக் கைகளுக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷமாக அவை அந்த வேலையைச் செய்ததே இல்லை. கிழத்துரை தொப்பியைச் சரிசெய்கிற சாக்கில் வேறு பக்கம் பார்த்தார்.

எல்லாக் குழியிலும் அதுவேதான் நடந்தது. தூரத்திலிருந்து அழகாகக் கொண்டுவருவார். கிட்ட வந்ததும் மட்டை நடுங்கும். நடுவில் விட்டுவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. கடைசிக் குழி வரைக்கும் ஆடி முடித்து, துரைக்குக் கை கொடுத்து, கேட்டு வாங்கிக்கொண்ட சோடாவையும் முழுவதும் குடித்துவிட்டுத்தான் காரில் ஏறினார். போட்டியில் அவர்தான் கடைசி.

மலையிறங்கிக் கட்டுகஸ்தோட்டைப் பாலம் தெரிந்தபோது முதலாளி சொன்னார், "இராமநாதன், நீங்கெல்லாம் சேந்து எனக்குப் படிக்க வுடல்லையே."

இராமநாதனுக்குத் தலை நிமிரவில்லை. அவர் நல்ல மனிதர். கிளப்பில் எல்லோருமே நல்ல மனிதர்கள். வந்த கஷ்டமே அதுதான்.

அடுத்த ஞாயிறு முதலாளி எல்லோரையும் கூட்டிவைத்து, இனி ஒருவரும் தன்னிடம் எடுத்துக்கொள்ளச் சொல்லக்கூடாது, எத்தனை அடி போனாலும் குழியில் விழுந்தால்தான் கணக்கு என்று கண்டிப்பாகச் சொன்னார். "சரி முதலாளி" என்றார்கள். அன்று முழுவதும் அவர் தட்டித் தட்டித் தவறவிட்டதை வாய் மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் அவர் தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு தொழப் போன பிறகு இராமநாதனும் இன்னும் இரண்டு பேரும் தனியாகப் பேசினார்கள். அவர்களுக்கு மனம் பொறுக்கவில்லை.

ஒரு மாதத்தில் முதலாளி தட்டத் தட்டப் பந்து உள்ளே விழ ஆரம்பித்தது. முதலில் சாண் தூரம். பிறகு முழத் தூரம். அவருக்கே நம்ப முடியவில்லை. பட்டறையில் பாட்டு முணுமுணுத்தார். "பாத்தீங்களா, மனசு வெச்சா ஏலாதது எண்டு ஒண்டுமில்ல" என்று ஸக்கியாவிடம் சொன்னார். அந்த மாதம் கிளப்பில் மற்ற எல்லோருடைய ஆட்டமும் கூடக் கொஞ்சம் தேறியிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

சந்தோஷம் வந்தால் கோபம் நிற்காது. கண்டிக்கு ஆள் விட்டு நடராஜாவை அழைத்தார். "வந்து பாரு. இப்ப நான் தட்டுறத நீயே நிண்டு பாரு" என்றார். நடராஜாவும் பழையதை மனதில் வைத்துக்கொள்ளாமல் சாக்கோடு வந்து சேர்ந்தார்.

முதல் குழி. முதலாளி முழத் தூரத்திலிருந்து தட்டினார். விழுந்தது. சிரித்துக்கொண்டே நடராஜாவைப் பார்த்தார். "நல்லாருக்கு நானா" என்று நடராஜா மனதாரச் சொல்லிவிட்டுத் தன் பந்தைத் தட்டினார். தட்டும்போதே கை சறுக்கிவிட்டது. பந்து குழிக்கு நடுவை விட்டு நன்றாக விலகி ஓடியது. நடராஜா நாக்கைக் கடித்துக்கொண்டு அடுத்த அடிக்கு நகரவும் செய்தார். பந்து உள்ளே விழுந்தது.

முதலாளியின் சிரிப்பு அப்படியே நின்றது.

"அது தவறி ஈக்கணும்" என்றார்.

முதலாளி குழியருகே போய் முட்டி போட்டு உட்கார்ந்தார். உள்ளே கையை விட்டார். மண் சரியாமலிருக்கக் குழிக்குள் இறக்கியிருந்த தகரக் குவளை புதியது, பளபளவென்று இருந்தது. விரல்களைக் கூப்பினால்தான் கை போகிற குழியில், இப்போது விரித்த கை ஓரத்தில் இடிக்காமல் உள்ளே போய் வந்தது. எழுந்து இராமநாதனைப் பார்த்தார்.

"மழைக்கு... பழைய தகரம் கறள் பிடிச்சுப் போச்சு முதலாளி" என்றார் இராமநாதன். "அதுதான் புதுசா..."

"ஆறு குழியிலயுமா?"

"ஓம்."

முதலாளி கத்தவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்து எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவருக்குக் கோபம் வரவில்லை, மிகவும் துக்கமாக இருந்தது. இந்த மனிதர்கள் அவர் கேட்டால் எதையும் கொடுப்பார்கள், அவர் தோற்பதை மட்டும் கொடுக்க மாட்டார்கள். அவருக்கு இவர்களை விட்டால் வேறு ஊரும் இல்லை, காணியும் இல்லை. மிச்சம் ஐந்து குழியையும் ஆடி முடித்தார். சஹன் வந்தபோது எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிட்டார். இராமநாதன் பக்கமாக நல்ல துண்டைத் தள்ளியும் விட்டார்.

கை கழுவும்போது நடராஜாவிடம் மெதுவாகக் கேட்டார். "நீ இனி எங்க ஆடப் போற?"

"வர்ற ஞாயிறு பன்வில பக்கம் போறேன் நானா. அங்க தொர போயிட்டாரு. தோட்டத்து ஸ்டாஃப் ஆளுங்கதான் ஆடிக்கிட்டு இருக்காங்க. மூணு குழிதான், மேடு பள்ளமா இருக்கும்."

"நானும் வாரேன். ஆனா நான் ஆருண்டு ஒருத்தருக்கும் சொல்லப்படாது."

பன்விலைத் தோட்டத்தில் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த சரிவில் ஏழெட்டுப் பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீமேக்கர் அழகர்தான் அங்கே சட்டாம்பிள்ளை. தேயிலைத் தூள் படிந்த காற்சட்டை, உரத்த குரல். "கூட்டாளி ஒருத்தரக் கூட்டியாந்திருக்கேன்" என்றார் நடராஜா. "வரட்டும் வரட்டும், சீக்கிரம் அடிக்கச் சொல்லுங்க" என்றார் அழகர். யார், எந்த ஊர் என்று கூடக் கேட்கவில்லை.

முதல் குழி. புல்தரை என்று ஒன்றும் இல்லை, சாணி மெழுகிய மண்தான். முதலாளியின் பந்து குழிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதலாளி தட்டினார், தவறியது. மறுபடி தட்டினார், அதுவும் தவறியது. மூன்றாவது தட்டில் உள்ளே போனது.

"ஆறு" என்றார் முதலாளி.

"எங்கங்க ஆறு? ஏழு!" என்றார் அழகர். "அந்தச் செடிகிட்ட ஒன்னு வீசுனீங்களே, அத யாரு கணக்கு வைக்கிறது? தள்ளி நில்லுங்க, பின்னாடி ஆள் வருது."

நடராஜா முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். கட்டுகஸ்தோட்டையில் முதலாளியிடம் இப்படிப் பேசிய ஆள் பிறக்கவில்லை. முதலாளி தள்ளி நின்றார். "ஓ, ஏழுதான்" என்றார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

இரண்டாவது குழியிலும் திட்டு வாங்கினார். மூன்றாவது குழியில் பந்து மறுபடியும் அதே ஒரு சாணில் நின்றது. மலைப்பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அழகர் தன் ஆட்டத்தை முடித்துக்கொண்டு மட்டையைத் தோளில் போட்டுவிட்டார். முதலாளி குனிந்தார். தட்டினார். பந்து நேராகப் போய்க் குழியின் நடுவில் விழுந்தது.

கை தட்டவோ "சபாஷ்" போடவோ ஆள் இல்லை. அழகர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மழைக்கு முன்னால் கூரைக்குள் போய்விட வேண்டும் என்று மற்றவர்களைச் சத்தம் போட்டுக்கொண்டு சரிவில் ஏறிக்கொண்டிருந்தார்.

முதலாளி குழிக்குள் கையை விட்டார். இறுக்கமான குழி. பந்தை விரல் நுனியால் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தவர் எழுந்திருக்கவில்லை.

"என்னங்க நானா?" என்று நடராஜா கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

சாஹுல் ஹமீது முதலாளி அழுதுகொண்டிருந்தார்.

"ஒண்டுமில்ல" என்றார். "உள்ளுக்குப் போச்சு."